வடைக்கு ஆர் நிக்கிறது?

சுவிஸின் ஃப்ரிபூர்க் தேவாலய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை இலக்கியச் சந்திப்பு. 'பழைய பிரெஞ்சு நாவல்களில் வர்க்கமும் பெண்ணும்' என்று பேச வந்தவர் குணசேகரம். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சோ 'போன்ஜூர்' ஒன்றுதான். பேர்ண் உணவகமொன்றில் இருபது வருடச் சமையல்காரர். அங்கே டொச் மொழி போதும்.

பேச்சுக்கான பிரெஞ்சு நாவலை வாசித்தவள் அவர் மனைவி சிவமலர். ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கப் போகிற பஸ்ஸில் வாசித்து, வீட்டில் உடுப்பு மடித்தபடி கதை சொன்னாள். அவர் சோபாவில் சாய்ந்து குறிப்பெடுத்தார். கடைசி அத்தியாயத்துக்குக் குறட்டை விட்டார்.

"இந்தமுறை நான் கதைக்கட்டோ?" ஒரு மாதம் யோசித்துத்தான் கேட்டாள்.

"நீர் மேடைக்கு வந்தால் வடைக்கு ஆர் நிக்கிறது?"

கேட்டீர்களா, கதையை! சம்பளத்துக்குத் தினம் இருநூறு தட்டு நிரப்புகிற மனுசனுக்குச் சொந்த வீட்டில் உப்புப் போத்தல் எங்கே என்று தெரியாது.

ஆகவே சிவமலர் மண்டபக் குசினியில் வடை சுட நின்றாள். கதவு திறந்தே கிடந்தது.

"எசமானின் அறையைத் துடைத்த பணிப்பெண்ணின் குரலை ஒருவரும் கேட்கவில்லை!" என்று குணசேகரம் முழங்கினார். கைதட்டல் பறந்தது. அது அவளுடைய வசனம், ஒரு சொல் பிசகவில்லை. உளுந்து மாவை ஓங்கித் தட்டினாள்.

முன்வரிசைத் தவச்செல்வன் எழும்பினான். "அண்ணை, கடைசியிலை அந்தப் பெட்டைக்கு என்ன நடந்தது?"

குணசேகரம் தாளைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "மலர், ஒருக்கா வாருமன். காதுக்குள்ளை சொல்லும்" என்றார்.

"காதுக்குள்ளை சொல்லேலாதப்பா, கதை நீளம். இந்தாங்கோ, வடையைப் பாருங்கோ."

கரண்டியை அவர் கையில் திணித்து, குசினிப் பக்கம் அனுப்பிவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"அவள் சாகேல்லை. எசமான் அவளிட்டைக் கேட்டுக் கேட்டு ஏழைப் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஊரே புகழ்ந்தது. அவர் மேடையேறேக்கை போட்டிருந்த வெள்ளைச் சேட்டைத் தோய்ச்சு மினுக்கினது அவள்தான்."

மண்டபமே குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தது. அங்கே மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு குணசேகரம்.

"அக்கா, உண்மையிலை இது புத்தகத்திலை இருக்கிறதோ?" என்றான் தவச்செல்வன்.

"ஓம். நித்திரை கொள்ளாமல் கேட்டிருந்தால் உங்கடை அண்ணையே சொல்லியிருப்பார்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. சிவமலர் அரைமணித்தியாலம் பேசினாள். வடை ஒன்றும் கருகவில்லை, எல்லாம் நல்ல பொன்னிறம். முதல் தட்டை அவரே கொண்டுவந்து, முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். கலியாணம் கட்டிய இருபது வருடத்தில் அந்தக் கையால் அவள் தின்ற முதல் வடை அது.