ஒரே ஒரு சந்தா

சர்வர் அறையில் பணிபுரிந்த மச்சானும், அவர் தங்கையை மணந்த மாப்பிள்ளையும் இருபது ஆண்டுகளாகத் லினக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருளன்றி வேறெதையும் தொட்டவர்கள் அல்லர். நிருவாகம் ஒரே ஒரு கணினி இதழுக்குச் சந்தா அனுமதித்தது. எந்த இதழ் என்பதில் சண்டை மூண்டது.

“நீங்க கேக்குற இதழ்ல லினக்ஸை நிறுவுவது எப்படின்னு மாசாமாசம் போடுறான். நாம என்ன பச்சப்புள்ளைங்களா, மச்சான்?” என்றார் மாப்பிள்ளை.

“நீ சொல்ற இதழ் எழுதுறவனுக்கே புரியாதேடா!”

மாப்பிள்ளை கீபோர்டைச் சுழற்றி அடித்தார். மச்சானின் உதடு கிழிந்தது. மச்சான் அவர் கழுத்தைப் பிடித்து இரும்பு அலமாரியில் மோதினார். பல்லொன்று தெறித்து விழுந்தது. இறுதியில் மச்சானின் சுண்டுவிரலை ஒடித்து மாப்பிள்ளை வென்றார்.

இரத்தம் ஒழுகும் வாயுடன் அவர் தம் இதழின் சந்தாப் பக்கத்தைத் திறந்தார். ‘எங்கள் செயலியில் மட்டுமே படிக்கலாம். அச்செயலி லினக்ஸில் இயங்காது’ என்றிருந்தது.

“இதுக்கா மாப்ளே என் விரலை ஒடிச்சே?”

மாப்பிள்ளை மானிட்டரைத் தூக்கிச் சுவரில் அடித்து நொறுக்கினார். மச்சான், விரல் ஒடியாத கையால் அடுத்த மானிட்டரை எடுத்து நீட்டினார்.