ஒத்துக்கிட்டா முடிஞ்சது

வெந்நீர் அடுப்பிலிருந்து துணி எரிகிற வாடை வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த சண்முகத்தாய் ஈரக்கையோடு கொல்லைப்பக்கம் போனாள். அவள் கணவர் அழகுமலை அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு பேண்ட்டை விறகால் தீக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வெந்நீர் தானாகக் காய்ந்து தானாக வாளிக்குள் வந்துவிடும் என்று நம்புகிற ரகம்.

“என்னத்தப் போட்டு எரிக்கிறீக?”

“பழசு. போயிச் சோலியப் பாரு.”

பழசு இல்லை. தீபாவளிக்கு மகன் நாகராஜுக்கு எடுத்தது. இன்னும் தீப்பிடிக்காத கால் ஒன்று அடுப்புக்கு வெளியே தொங்கியது. முழங்காலுக்குக் கீழே முழுக்க மயில் கழுத்து நீலம். திராட்சை விளைகிற ஊரில் அந்த நீலத்தைப் பார்த்து இது என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். கொடிக்கு நோய் வராமலிருக்கச் சுண்ணாம்போடு சேர்த்து அடிக்கிற துத்தம். துணியில் பட்டால் பட்டதுதான், எந்தச் சோப்புக்கும் போகாது.

போன வியாழக்கிழமை சுயம்புலிங்கத்தின் தோட்டத்தில் துத்தம் கரைத்து வைத்திருந்த டிரம்மை எவனோ மாட்டுத்தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டான். கறவை மாடு அதைக் குடித்துவிட்டு நுரை தள்ளிக் கிடந்தது. மார்க்கையன்கோட்டையிலிருந்து மாட்டு டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சண்முகத்தாய் வீட்டுக்குள் போனாள். மீசை அரும்பிய மகன் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலின் நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்தது.

“ஏலே நாகராஜு. மாடு செத்தது உன்னாலதானா?”

“வேணும்னா செஞ்சோம்? பயலுக எல்லாம் கெணத்துல குளிக்கப் போனோம். மூடியத் தூக்கிப் போட்டுட்டு வெளாட்டுக்கு டிரம்மு விளிம்புல ஏறுனேன். சாஞ்சிருச்சு.” போர்வைக்குள்ளிருந்தே பேசினான். “அப்பாட்டச் சொல்லிட்டேன்.”

“எப்பச் சொன்ன?”

“அன்னைக்கே.”

அப்படியானால் இந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியாது. அவள் பரிமாறிய சோற்றைத் தின்றுகொண்டே அப்பனும் மகனும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அழகுமலை பின்னாலேயே வந்து நின்றார். “இந்தா பாரு, பத்து மணிக்கு உன் மன்றம் இருக்கு. காலனிப் பய ஒத்துக்கிறேன்னுட்டான். ஒத்துக்கிட்டா முடிஞ்சதுன்னு ஊரு பூரா நீதான சொல்லிக்கிட்டுத் திரியிற? கேசு கெடையாது, ஸ்டேசன் கெடையாது. அவனுக்கு என்ன நட்டம்?”

கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. அழுகையும் வரவில்லை. உள்ளுக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது. அவள் போய் அரிசியை உலையில் போட்டாள். உலை கொதித்தது, வடித்தாள், கழுநீரை மாட்டுக்கு எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் கை செய்தது.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. சண்முகத்தாய் பால்வாடி டீச்சர். வீட்டுக்கு வீடு அரசாங்க டிவி வந்த பிறகு பஞ்சாயத்து டிவி ரூம் வௌவால் அடைந்து கிடந்தது. அதைக் கூட்டிக் கழுவி, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அவள் ஆரம்பித்ததுதான் இளையோர் மன்றம். தப்புச் செய்த பிள்ளையை லாக்கப்பில் போட்டுப் பாழாக்க வேண்டாம். நட்டப்பட்டவருக்கு எதிரே உட்கார்ந்து, செய்ததைத் தன் வாயால் சொல்லட்டும். உழைத்து ஈடுகட்டட்டும். அதோடு அந்தப் பேச்சு முடியட்டும்.

வாசலோரம் கிடக்கிற நாற்காலி தப்புச் செய்தவனுக்கு. அதில் உட்கார்ந்தவன் “நான் செஞ்சது என்னன்னா” என்றுதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். யாரும் யார் காலிலும் விழக் கூடாது என்பதும் அவள் சட்டம்தான். அதற்காகத் தன் ஆட்கள் இருக்கிற மேலத்தெருவில் அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. மன்றத்துக்கு வந்த ஒரு பிள்ளைமீதும் இதுவரை கேஸ் விழுந்ததில்லை. ஸ்டேஷன் ஏட்டையாவே அவளைக் கண்டால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வணக்கம் சொல்வார். அவளுக்குப் பெருமை இருந்தது. இருந்தால் என்ன, உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே.

ஒரே ஒரு சிக்கல். ஒத்துக்கொண்டால்தான் மன்றம். இல்லை என்று சொல்கிறவனுக்கு ஸ்டேஷன்.

முந்தின நாள் சாயங்காலம் அவளே காலனிக்குப் போயிருந்தாள். மொக்கம்மாளின் மகன் திலீபன் சுயம்புலிங்கத்தின் தோட்டத்தில் மருந்தடிக்கிறவன். துத்தம் கரைத்து வைத்தது அவன் என்பதால் கவிழ்த்ததும் அவன்தான் என்று சுயம்புலிங்கம் முடிவு கட்டிவிட்டார்.

“நான் செய்யல டீச்சர். மூடி போட்டு, மேல கல்லு வச்சிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.”

“செய்யலேன்னா ஸ்டேசனுக்குப் போகும் திலீபா. போலீஸ் வேலைக்கு ஓட்டம் ஓடி, பரீட்ச எழுதி, எல்லாத்துலயும் பாஸாகி உக்காந்திருக்க. விசாரிக்க வர்றப்ப உன் பேருல ஒரு கேசு கெடந்தா ஆர்டர் வருமா? மன்றத்துல ஒத்துக்கிட்டா இங்கனயே முடிஞ்சிரும்யா.”

அவன் தன் ஆத்தாளைப் பார்த்தான். மொக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். “டீச்சரம்மா நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாக. ஒத்துக்கிர்றா” என்றாள்.

சண்முகத்தாய் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற நிறைவோடு வீட்டுக்கு வந்து, நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

பத்து மணிக்கு டிவி ரூமில் எல்லோரும் கூடிவிட்டார்கள். சுயம்புலிங்கம் வெள்ளை வேட்டியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏட்டையா. மொக்கம்மாள் படிக்கு வெளியே நின்றாள். ஒவ்வொரு தடவையும் காலனி ஆட்களை “உள்ள வாங்க” என்று சண்முகத்தாய் வற்புறுத்திக் கூப்பிடுவாள். இன்றைக்கு அவளுக்கு வாய் வரவில்லை.

திலீபன் வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தான். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பரீட்சைக்கு வந்தவன் மாதிரி கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

“நான் செஞ்சது என்னன்னா, மருந்தடிச்சு முடிச்சிட்டு மீதித் துத்தத்தக் கவுத்துவிட்டேன். மாட்டுத்தொட்டின்னு பாக்கல. ஒரு உசுரு போச்சு. எம்மேலதான் தப்பு. இந்தத் திராட்சை வெட்டு முடியிற மட்டும் தோட்டத்துல கூலி இல்லாம வேல செய்றேன்.”

ஒரு சொல் பிசகவில்லை. சாக்குச் சொல்கிற ‘தெரியாம’ இல்லை, அடுத்தவரைக் கைகாட்டுகிற ‘அவுகதான்’ இல்லை. முந்தின நாள் அவள் சொல்லித் தந்தது அப்படியே வந்து விழுந்தது.

“கையக் காட்டுறா” என்றார் சுயம்புலிங்கம். காட்டினான். விரல் இடுக்கெல்லாம் நீலம். “பாத்தீகளா ஏட்டையா? இதுக்கு மேல சாட்சி வேணுமா?”

மருந்தடிக்கிறவன் கை வேறு எப்படி இருக்கும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சண்முகத்தாய்க்கு மகனின் கால் நகம் ஞாபகம் வந்தது. வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

“உன்னைய யாரும் கட்டாயப்படுத்திச் சொல்லச் சொல்லலையே?”

திலீபன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “இல்ல டீச்சர்.”

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அதில் ஒன்றுமே இல்லை. இந்தக் கேள்வியை அவள் எத்தனை பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறாள்! எல்லோரும் இதே மாதிரிதான் இல்லை என்றார்கள். எல்லோரும் காலனிப் பிள்ளைகள். மேலத்தெருப் பிள்ளை ஒருத்தன்கூட அந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்ததில்லை. மேலத்தெருப் பிள்ளைகள் தேங்காய் திருடவில்லையா, மோட்டார் வயரை அறுக்கவில்லையா? ஊருக்கே தெரியும். அது அவளுக்கு இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது, தன் வீட்டு அடுப்பில் பேண்ட் எரிந்த பிறகு.

“மாமா,” என்றாள் சுயம்புலிங்கத்தைப் பார்த்து. “மாடு செத்தது என் மகனால. நாகராஜுதான் டிரம்மச் சாச்சுவிட்டிருக்கான்.”

சுயம்புலிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

“கழுத, கெணத்துப் பக்கம் போகாதீகடான்னு எத்தன மட்டம் சொல்லியிருப்பேன்! வயசுப் பயலுக சேட்டை, என்ன செய்யச் சொல்ற?” துண்டை உதறித் தோளில் போட்டார். “விடாத்தா. அழகுமலைகிட்ட நான் பேசிக்கிறேன். மாடுதான.”

இவ்வளவு நேரம் அது ஒரு உயிராக இருந்தது. இப்போது வெறும் மாடு.

“அவன் வந்து இந்த நாற்காலியில உக்காந்து சொல்லணும் மாமா.”

“இதுலயா? நம்ம பிள்ளையவா? புத்தி பெசகிருச்சா உனக்கு?”

“அப்ப திலீபன்?”

“அவனுக்கென்ன? அதான் கேசு இல்லேன்னுட்டேன்ல. ஏலே, நாளைக்கு வெரசா வந்துரு. கீழ்த்தோட்டம் மருந்தடிக்காமக் கெடக்கு.”

ஏட்டையா எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். “நல்லபடியா முடிஞ்சது டீச்சர். இதையும் மன்றம் தீத்து வச்சதாவே வச்சுக்கிருவோம்.”

இரண்டு பேரும் போய்விட்டார்கள். திலீபன் இன்னும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கலாம் என்று யாராவது சொல்லட்டும் என்பது போல.

“எந்திரிய்யா” என்றாள் சண்முகத்தாய். “என் வீட்டுக்கு வா. மொக்கம்மா, நீயும் வா. நாகராஜு உங்க முன்னாடி சொல்லணும்.”

மொக்கம்மாள் படிக்கு வெளியிலிருந்தே மகனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “வேண்டாந்தாயி. இவனுக்கு ஆர்டர் வர்ற வரைக்கும் இந்த ஊருலதான் நாங்க கஞ்சி குடிக்கணும். எங்கள விட்டுருங்க.”

அம்மாவும் மகனும் திரும்பிப் பாராமல் நடந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்குச் சண்முகத்தாயிடம் நியாயம் எதுவும் மிச்சமில்லை.

அவள் அந்த நாற்காலியைத் தூக்கினாள். பிளாஸ்டிக் நாற்காலி, கனமே இல்லை. தூக்கிக்கொண்டு மேலத்தெரு வழியாக நடந்தாள். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை நிரம்ப விட்டுவிட்டுப் பார்த்தார்கள். “என்ன டீச்சர், வீட்டுல விசேசமா?” என்று ஒருத்தி கேட்டாள். தன் வீட்டுக்கு முன்னால், நடுத்தெருவில், வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டாள்.

“நாகராஜு, வெளிய வா.”

அழகுமலைதான் வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லிய குரலில் பேசினார். “உள்ள வாடி. தெருவே பாக்குது. மானம் போகுது.”

“நாகராஜு!”

உள்ளே டிவி சத்தம் கூடியது. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். யாரும் வரவில்லை. நாற்காலி வெயிலில் காலியாகக் கிடந்தது. சண்முகத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதில் தானே உட்கார்ந்தாள். குழாயடிக் கூட்டம் நெருங்கி வந்தது.

“நான் செஞ்சது என்னன்னா,” என்று ஆரம்பித்தாள், “தப்புச் செய்யாத பிள்ளைய ஒத்துக்கிரச் சொன்னேன்.”

டிவி சத்தம் இன்னும் கூடியது. பால்வாடிப் பிள்ளைகளைக் கத்திக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவளுடையது. அவளும் கூட்டினாள்.