குடுவை அத்தான்

அக்கா வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பள்ளியில் வேதியியலைக் கோட்டை விட்டவர். ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "பால் வாங்கியாச்சு" என்று போட்டாலும், பின்னால் ஒரு குடுவை, ஒரு அணு, ஒரு மைக்ரோஸ்கோப் எமோஜி வந்து நிற்கும்.

"இதெல்லாம் எதுக்கு அத்தான்?" என்று கேட்டேன்.

"மூளை இருக்கிறவங்களுக்குப் புரியும்மா."

நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்த வாட்ஸ்அப் விஞ்ஞானிக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை, "பாத்ரூமைப் பளபளன்னு ஆக்கப் போறேன்" என்று குழுவில் எழுதி, வரிசையாகக் குடுவை எமோஜிகளை அடுக்கியிருந்தார். குடும்பமே இதயம் போட்டது. சற்று நேரத்தில் அக்கா போனில் அழுதாள்.

"ரெண்டு பாட்டிலை ஒண்ணாக் கலந்து ஊத்திட்டாருடி. மூச்சு விட முடியல அவருக்கு."

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அத்தான் கண் சிவந்து, பேச்சு வராமல் இருமிக்கொண்டிருந்தார்.

"எதை எதோட கலந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அத்தான் திருதிருவென்று விழித்தார். லேபிளைப் படித்திருந்தால்தானே. பிறகு மெல்லப் போனை எடுத்து, குழுவில் போட்டிருந்த அந்தக் குடுவை எமோஜிகளை டாக்டரிடம் நீட்டினார்.