தரை தட்டாத இடம்

"அந்தக் கல்லைக் கீழ போடுடி!"

"போட மாட்டேன். நாளைக்கு இதுதான் உள்ள போகுது."

"டூர் வந்தவன் எல்லாம் கால் தேய்ச்ச கல்லு அது! எம்புள்ள என்ன, இடுப்பளவு தண்ணியிலயா செத்தான்?"

"அப்ப அடியில போய் எடுத்துட்டு வாங்களேன் அத்தை. யாரு வேணாம்னா?"

அவர்கள் கடையில் நீச்சல் வளையம் வாடகைக்குக் கேட்டு நின்ற மேடான் நகரத்துக்காரர், மனைவியை இழுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

விடிந்தால், எங்கள் வழக்கப்படி, மாமியார் லம்ரியாவின் கணவரையும் அவர் முன்னோரையும் தோண்டியெடுக்கிறார்கள். எலும்புகளை எலுமிச்சையும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் கழுவி, தோபா ஏரிக்கு மேலே மேட்டில் கட்டிய புதுச் சிமெண்டுக் கல்லறையில் வைத்துக் கதவைப் பூசிவிடுவார்கள். மகன் தோகருடைய எலும்பு மட்டும் இல்லை. அது ஏரியில் கிடக்கிறது.

போன மழைக்காலத்தில், மத்தியானக் காற்று இரண்டு பெண்களை, காலால் மிதித்து ஓட்டும் வாத்துப் படகோடு ஏரிக்குள்ளே தள்ளிக்கொண்டு போனது. தோகர் நீந்திப் போய்ப் படகைக் கரைப் பக்கம் தள்ளிவிட்டான். அவன் திரும்பவில்லை. எங்கள் கரையில் கொஞ்ச தூரம்தான் நிற்கலாம், அதற்கப்புறம் தரையே கிடையாது. தேட வந்தவர்களின் கயிறு தீர்ந்துபோனது. அந்தக் குளிர்ந்த ஆழத்துக்குப் போன உடம்பு மேலே வருவதில்லை.

எலும்பு கிடைக்காதவர்களுக்கு அவர்கள் கிடக்கும் இடத்து மண்ணோ கல்லோ வைப்பது வழக்கம். வைக்காவிட்டால் தோகர் தகப்பனோடு சேராமல் வெளியே நின்றுவிடுவான். வைத்தால் அவன் மனைவி ரோசிந்தாவின் துக்கம் முடியும். பிள்ளை இல்லாதவள். அவளுடைய அப்பா, அதாவது லம்ரியாவின் அண்ணன், அவளை நாளைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். பாலிகே ஊரில் ஒரு பஸ் டிரைவர் அவளைப் பெண் கேட்டிருப்பது கரை முழுக்கத் தெரியும்.

"உங்களுக்குப் பிரச்சனை கல்லு இல்ல அத்தை. அவர் உள்ள போயிட்டா நான் போயிருவேன்னுதான்."

"ஆமா, பெரிய மகாராணி! நீ போனா வாத்துப் படகெல்லாம் அழுது வடியுமாக்கும்."

சொல்லிவிட்டு லம்ரியா ஒரு பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு, மஞ்சள் வாத்துப் படகில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன பாத்துட்டு நிக்கிற? வந்து மிதி."

"நீங்களும் மிதிச்சாத்தான் நகரும்."

"முழங்கால் வலிக்குதுடி."

"திட்டும்போது வாய் வலிக்கலையே."

ரோசிந்தா கல்லைக் கரையிலேயே வைத்துவிட்டு ஏறினாள். இருவரும் மிதித்தார்கள். பச்சைத் தண்ணீர் சட்டென்று கருநீலமாகும் கோட்டைத் தாண்டியதும் லம்ரியா காலை எடுத்துவிட்டாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம், அத்தை." ரோசிந்தா மட்டும் மிதித்தாள். "இங்கதான்."

லம்ரியா குனிந்து செம்பை முக்கினாள். நிறைந்த பிறகும் வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

"கல்லும் வேணாம் மண்ணும் வேணாம். இது போதும்."

"சிமெண்டு குடிச்சிருமே அத்தை."

"குடிக்கட்டும். அவங்கப்பா பக்கத்துலதானே ஊறும்."

மோட்டார் படகு ஒன்று நீளமான ரப்பர் மிதவையை இழுத்துக்கொண்டு போனது. அதன்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வீறிட்டுச் சிரித்துக் கையசைத்தார்கள். அதன் அலையில் வாத்து ஆடியது. ரோசிந்தா பதறிச் செம்பின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். பொத்திய கையை எடுக்காமலே அழ ஆரம்பித்தாள்.

லம்ரியா அவளைத் தேற்றவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவள் மடியில் போட்டாள். மெதுவாக மிதிக்கத் தொடங்கினாள். தண்ணீர் மறுபடி பச்சையானது.

"ரோசி, அந்த டிரைவருக்கு நீச்சல் தெரியாதுதானே? தெரியாம இருந்தாச் சரி."