நானூற்று எண்பத்தாறு

"கையக் குடுங்கப்பா" என்று சர்க்கரை பார்க்கும் மெஷினோடு நின்ற மகள் மூன்றாவது முறையாகக் கேட்டாள். அப்பா இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டார். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"குத்துறது அவ வேல. நீ போ."

"காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. நீங்களும் படுத்துட்டா நான் யாருகிட்டப்பா போவேன்?"

அம்மாவுக்கும் சர்க்கரைதான். ஆனால் அந்த வீட்டில் சர்க்கரைக்காரர் என்றால் அப்பா மட்டும்தான். போன வருஷம் லேத் பட்டறையில் அவர் மயங்கி விழுந்தபோது நாலு பேர் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினார்கள். பத்தே நிமிஷத்தில் டிரிப்ஸ் ஏறியது. நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மாவோ செவ்வாய்க்கிழமை தையல் மெஷினை மூடி உறை போட்டுவிட்டுத் தனியாக ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாந்தி, மூச்சு வாங்குகிறது என்றாள். "வீட்டுல ஏதாவது கவலையாம்மா?" என்று கேட்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போனில் கேட்ட மகளும், "அப்போ நல்லாத் தூங்கும்மா" என்றுதான் சொன்னாள். மறுநாள் காலை எழுப்பியும் அம்மா கண் திறக்கவில்லை.

மகளுக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. அந்த நினைப்பில் சர்க்கரை மெஷினின் பட்டனை மாற்றி அமுக்கிவிட்டாள். பழைய எண்கள் வந்தன. எல்லாம் காலை ஆறு மணி, எல்லாம் அப்பாவுடையவை, ஒன்றுகூட இருநூறைத் தாண்டவில்லை. ஒன்று மட்டும் செவ்வாய், பிற்பகல் மூன்று மணி. 486.

"அப்போ நீங்க பட்டறையில இருந்தீங்கல்லப்பா?"

அப்பா எட்டிப் பார்த்தார்.

"அது அவளுதுதான். ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கா. வீட்டு மெஷின நம்பாதீங்கன்னுட்டாங்களாம். ராத்திரி எங்கிட்டயும் சொன்னா. டாக்டருக்குத் தெரியாததாடின்னுட்டேன், பாவி." மூக்கைத் துடைத்தார். "வருஷம் பூரா எனக்கு மட்டும் அந்த மெஷின் சரியாத்தானே காட்டிச்சு?"

மகள் சுவரில் சாய்ந்தாள். இரண்டு நாளாக அவளும் சாப்பிடவில்லை.

"என்னம்மா, தல சுத்துதா?"

"எனக்கு ஒண்ணுமில்லப்பா."

அம்மாவின் வார்த்தை அது, அதே இழுவையில். அப்பா கக்கத்திலிருந்து கைகளை எடுத்தார். மெஷினை வாங்கினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்ட்ரிப்பைத் தலைகீழாகச் செருகி, பிறகு திருப்பிச் செருகினார்.

"மொதல்ல உன் கையக் குடு" என்றார்.