குரல் கொடுக்காமல் நகர்த்தியது

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எதை நகர்த்தினாலும் குரல் கொடுக்க வேண்டும். நாற்காலியை அரை அடி தள்ளினால்கூட "அக்கா, நாற்காலி ஜன்னல் பக்கம்" என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. ஒருமுறை வீட்டுக்கு வந்த சித்தப்பா, கால் நீட்டிக்கொள்ள முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். அம்மா அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகு மனிதர் தும்மினால்கூட அறிவித்துவிட்டுத்தான் தும்மினார். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகும் சட்டம் அப்படியே இருந்தது.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் வீட்டுக்குள் அவள் நடக்கிற நடையைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கொதிக்கக் கொதிக்க டீயை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து விறுவிறுவென்று வருவாள். கையை முன்னால் நீட்டித் துழாவி நடப்பதெல்லாம் வெளியில்தான்.

தம்பி ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிறவன். எதிலும் பறந்தடித்துக்கொண்டு நிற்பதால் வீட்டில் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அக்காவின் கம்ப்யூட்டருக்கும் அவன்தான் வைத்தியர்.

அன்று அக்காவுக்குத் தேர்வு. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்து தரும் ஒரு நிறுவனம், அவளை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்க ஒரு பதிவை அனுப்பும். மதியம் மூன்று மணிக்குள் அடித்து அனுப்ப வேண்டும். இத்தனை வருஷமாகத் துண்டு துண்டாக வேலை செய்தவளுக்கு இது கிடைத்தால் நிலையான உத்தியோகம். ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அக்கா குளிக்கப் போயிருந்தாள். ஹெட்போன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 'அவசரம்' கம்ப்யூட்டரைத் திறந்தான். அவள் தட்டச்சு செய்யும் மென்பொருளின் சந்தா முடிந்திருந்தது. எழுதியதைப் படிக்கலாம், புதிதாக ஒரு எழுத்துகூட அடிக்க முடியாது என்று திரையின் மேலே சிவப்புப் பட்டை. புதுப்பிக்கச் சொல்லி அக்கா போன மாதமே நினைவூட்டியிருந்தாள். "நான் பாத்துக்கறேன், விடுக்கா" என்று சொன்ன வாயும் இதே வாய்தான்.

புதுப்பிக்கும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவனுக்குச் சட்டென்று அதே வேலையைச் செய்யும் ஒரு இலவச மென்பொருள் நினைவுக்கு வந்தது. வாடிக்கையாளர் அலுவலகங்களில் எத்தனை பேருக்கு அவனே போட்டுக் கொடுத்திருக்கிறான்! மளமளவென்று இறக்கினான். 'இனி எல்லா ஆவணங்களையும் இதிலேயே திற' என்ற கட்டத்தில் டிக் அடித்தான். அக்கா ஒவ்வொரு முறையும் தட்டச்சைத் தொடங்கும் வெற்று மாதிரிக் கோப்பைத் திறந்து தட்டிப் பார்த்தான். அதே பக்கம், அதே எழுத்து, மேலே அதே மாதிரி பொத்தான்கள். பார்ப்பதற்கு அச்சு அசல் பழையது போலவே இருந்தது.

சொல்லலாமா என்று யோசித்தான். தேர்வு நாளில் சொன்னால் பதறுவாள். தவிர, சந்தாவை மறந்த கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். இந்த இரண்டில் எது பெரிய காரணம் என்று அவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா தலை துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரியா இருக்காடா?"

"பக்காக்கா. அசத்து."

மதியம் அவன் வேலையிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. வழக்கமாக விசைப்பலகை படபடக்கும். திரையில் இருப்பதைக் காதில் வாசித்துச் சொல்லும் இயந்திரக் குரலும் ஹெட்போன் வழியே கசியும். 'வாயாடி' என்று அக்கா அதற்குப் பெயர் வைத்திருந்தாள். இன்று ஹெட்போன் மேஜைமேல் கிடந்தது. அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடிச்சிட்டியாக்கா?"

"என் விரலுக்கு என்னமோ ஆயிடுச்சுடா."

அவன் பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

"நல்லாத்தான் அடிச்சேன். முடிச்சிட்டு, வேற பேர்ல சேமிக்கிற பட்டனை அமுக்கி, பேரை அடிச்சேன். தேடினா அந்தப் பேர்ல கோப்பே இல்ல. வாயாடியப் படிக்கச் சொன்னா, நான் அடிச்ச பேரு உள்ள கடைசி வரியோட ஒட்டிக்கிட்டு நிக்குது. முன்னாடி ஒண்ணுன்னு நம்பர் வேற. பட்டனை மாத்தி அமுக்கிட்டேன்னு மறுபடி அமுக்கினேன். மறுபடியும் தப்பு. சரி, மூடிட்டுத் திறப்போம்னு மூடினேன். சேமிக்கணுமான்னு ஏதோ கேட்டுச்சு. எப்பவும் அமுக்குற மாதிரிதான் அமுக்கினேன். திறந்தா வெறும் காகிதம். காலைல இருந்து அடிச்சது அத்தனையும் போச்சு."

அவன் திரையை எட்டிப் பார்த்தான். மாதிரிக் கோப்பு பளிச்சென்று வெறுமையாக இருந்தது. காலையில் அவன் கண்ணால் மட்டும்தான் பார்த்திருந்தான். அந்த ஹெட்போனைக் காதில் மாட்டி, அவள் அமுக்குகிற விசைப்பலகைப் பொத்தான்களில் ஒன்றையாவது அமுக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. புது மென்பொருளில் அதே பொத்தான்களுக்கு வேறு வேலை.

"இன்னும் நேரம் இருக்குக்கா. நான் அவங்களுக்குப் போன் பண்ணி..."

"வேணாம். எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"என்னால முடியலைன்னு. வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லி." அக்கா விரல்களை விரித்து மடக்கினாள். "கண்ணு இல்லாதது எனக்கு ஒரு குறையாவே பட்டதில்லடா. விரல் இருக்குன்னு ஒரு தைரியம். இன்னிக்கு அதுவும் போயிடுச்சோன்னு பயமா இருக்கு. டாக்டர்கிட்ட போலாமா?"

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். ராத்திரியே பழையதைப் போட்டுவிட்டால், விஷயம் மண்ணோடு மண்ணாகப் போய்விடும். அந்த எண்ணம் வந்ததற்கே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"உன் விரலுக்கு ஒண்ணும் இல்லக்கா. நான்தான்..." என்று ஆரம்பித்து, சந்தா, சிவப்புப் பட்டை, டிக் அடித்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தான். "பாத்தா அதே மாதிரிதான்கா இருந்துச்சு" என்று கடைசியில் சொன்னான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"நான் குளிக்கும்போதா?"

"ஆமாக்கா. இப்பவே நான் அவங்ககிட்ட பேசறேன். என் தப்புன்னு சொல்றேன்."

"பேசு," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பிறகு, "வேற எதையெல்லாம் நகர்த்தியிருக்க?" என்று கேட்டாள்.

"எதையுமே இல்லக்கா. சத்தியமா."

அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். நாற்காலி அங்கேயேதான் இருந்தது. முக்காலியும் சுவரோரமாகவே இருந்தது. சமையலறை பத்தடி தூரம்கூட இல்லை. அவன் போனைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்கா வலது கையை முன்னால் நீட்டி, காற்றைத் துழாவித் துழாவி, அடிமேல் அடி வைத்து நடந்து போனாள்.