சீஃப் இன்ஜினீயர் தூங்கிய மூன்று மைல்

யார்க்ஷயரில், விக்டோரியா ராணி காலத்து ரயில் கம்பெனி ஒன்றில் எபெனேசர் கார்சைட் பாதையைப் பழுதுபார்க்கும் கேங் மேஸ்திரி. அவருக்குக் கீழே நான்கு ஆட்களும் மூன்று மைல் தண்டவாளமும். மேலே இன்ஸ்பெக்டர் கிளெக், அவருக்கும் மேலே மாவட்ட இன்ஜினீயர், எல்லாருக்கும் மேலே, வானத்துக்குச் சற்றுக் கீழே, சீஃப் இன்ஜினீயர் ஃபாதர்கில். தொப்பியின் உயரத்தைப் பார்த்தே யார் என்ன பதவி என்று சொல்லிவிடலாம்.

ஆண்டுக்கொரு முறை சீஃப் தனிப்பெட்டியில் வந்து பாதையைப் பார்வையிடுவார். நேர்த்தியான பாதைக்கு ஓர் இரும்புப் பலகை பரிசு. பதினோரு ஆண்டுகளாக எபெனேசருக்கு அது வாய்க்கவில்லை. அவருடைய மூன்று மைல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வந்து தொலைத்தது. பசியோடு விழித்திருக்கும் பெரிய மனிதரின் கண்ணில் தண்டவாளம் படுவதில்லை. போன வருஷம் ஓரத்துப் புல் பட்டது. அதற்கு முந்தின வருஷம் ஓர் ஆளின் மீசை. சாப்பிட்ட பிறகோ சீஃப் கண்ணயர்ந்துவிடுவார். வண்டி குலுங்கினால் விழிப்பார்; விழித்த இடத்தை மாவட்ட இன்ஜினீயர் குறித்துக்கொள்வார். அவர் விழிக்காமல் கடந்த பாதைக்கே பலகை. எல்லாருக்கும் தெரிந்த இந்த முறை விதிப்புத்தகத்தில் மட்டும் இல்லை.

"உன் பக்கம் வர்றதுக்கு முன்னாடியே அந்த ஆளச் சாப்பிட வெச்சிட்டா முடிஞ்சுது" என்றாள் மனைவி கெசியா. மாட்டுக்கறியை மாவுக்குள் அடைத்து, ஆறு மணி நேரம் வேகவைத்து ஒரு புட்டிங் செய்தாள்.

எபெனேசரின் எல்லை தொடங்கும் தார்ன்பி ஸ்டேஷனில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும். ஆனால் மேஸ்திரி எதையும் சீஃபிடம் நேராக நீட்டிவிட முடியாது. கடிதமானாலும் புட்டிங்கானாலும் படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

"போற வழியிலேயே தின்னுருவானுங்களே" என்று கவலைப்பட்டார் எபெனேசர்.

"அது தெரிஞ்சுதான்யா நாலு பங்கு பெருசா பண்ணிருக்கேன்."

பிளாட்பாரத்தில் கிளெக் புட்டிங் சட்டியை வாங்கி, தரம் பார்ப்பதாகச் சொல்லி ஒரு துண்டு வெட்டினார். மாவட்ட இன்ஜினீயர் கிளெக்கின் கருத்தைச் சரிபார்க்க இரண்டு துண்டு வெட்டினார். எபெனேசர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு, குறைந்துகொண்டே போகும் தன் பதினோரு வருஷத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீஃபுக்குப் போய்ச் சேர்ந்தது பாதி. அவர் வழித்துச் சாப்பிட்டார்.

விசில் ஊதியது. பெட்டி கடந்து போகையில் கண்ணாடி வழியே மூன்று தலைகள் தெரிந்தன, பதவி வரிசைப்படி சாய்ந்திருந்தன.

சீஃப் அடுத்த மேஸ்திரியின் எல்லையில், முதல் குலுக்கலில்தான் விழித்தாராம். கிளெக் பிறகு வந்து சொன்னார்.

பலகையை நட்டு முடித்ததும் எபெனேசருக்கு மனசுக்குள் ஒரு முள். "இது தண்டவாளத்துக்குக் கிடைச்சதா, உன் புட்டிங்குக்கா?"

"புட்டிங் தூங்கத்தான்யா வெச்சுது. மூணு மைலும் எழுப்பாம கொண்டுபோனது யாரு?"

எபெனேசர் பலகையைக் கைக்குட்டையால் இன்னொரு முறை துடைத்தார்.

"அதிருக்கட்டும், என் சட்டி எங்க?"

சட்டி தலைமை அலுவலகம் வரை போய்விட்டிருந்தது. திருப்பித் தரும்படி எபெனேசர் கிளெக்கிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். மனு இப்போது மாவட்ட இன்ஜினீயர் வரை ஏறியிருப்பதாகக் கேள்வி.